டெட்ராய்ட் பக்கம் வேலை, மக்கோம் கவுண்டியில் வீடு: குறைந்த செலவில் குடியேற முழு வழிகாட்டி

டெட்ராய்ட் வட்டாரத்துக்கு வேலைக்கு வரும் தமிழர்கள் முதலில் விசாரிப்பது டிராய், நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ், கேன்டன் என்று நாலைந்து ஊர்களைத்தான். ஏற்கெனவே அங்கே ஒரு நண்பர் இருப்பார், அவர் பேச்சைக் கேட்டு நாமும் அங்கேயே போய் இறங்குவோம். நானும் அப்படித்தான் டிராயில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். வீடு வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தபோது, எங்களோடு வேலை பார்த்த மதுரைக்கார அண்ணன் ஒருவர், "தம்பி, டிகுவிண்டர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தியா?" என்று கேட்டார். அந்த ஒரே ரோடுதான் எல்லை. மேற்குப் பக்கம் டிராய், ஓக்லண்ட் கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). கிழக்குப் பக்கம் ஸ்டெர்லிங் ஹைட்ஸ், மக்கோம் கவுண்டி. ரோட்டைத் தாண்டினால் அதே மாதிரி வீடு, கணிசமாகக் குறைந்த விலையில்.

முதலில் பெயர். எழுத்தில் கடைசியில் ஒரு 'பி' இருக்கும், பேச்சில் இருக்காது. 'மக்கோம்' என்று சொல்லுங்கள். வாய் நிறைய 'மேக்காம்ப்' என்றால் உடனே வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

2020 கணக்கெடுப்பில் இங்கே மக்கள்தொகை சுமார் 8.8 லட்சம். வேய்ன், ஓக்லண்ட் கவுண்டிகளுக்கு அடுத்து மிச்சிகனில் மூன்றாவது இடம். வாரன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் டெக்னிக்கல் சென்டர் இருக்கிறது. 1956இல் திறந்தது, வடிவமைத்தவர் ஈரோ சாரினென். ராணுவ வாகனங்களுக்கான டெட்ராய்ட் ஆர்சனலும் வாரனில்தான். ஸ்டெலாண்டிஸின் ராம் டிரக் தயாராகும் ஆலை ஸ்டெர்லிங் ஹைட்ஸில். ஆட்டோ துறையில் இருப்பவர்களுக்கு இது ஒதுக்குப்புறம் இல்லை, நட்ட நடு.

விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் விலையில் மிச்சம் பிடித்ததை சொத்து வரியிலும், கார் இன்சூரன்ஸிலும், தண்ணீர் புகுந்த பேஸ்மென்ட்டிலும் கோட்டை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை நானே விட்டிருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த மூன்றுக்குத்தான் அதிக இடம்.

படி 1: ஊரை மைல் கணக்கில் படியுங்கள்

இங்கே கிழக்கு மேற்காக ஓடும் பெரிய ரோடுகளுக்கு எண்தான் பெயர். 8 மைல் ரோடு டெட்ராய்ட் நகரின் வட எல்லை. அதற்கு ஒரு மைல் வடக்கே 9 மைல், அப்புறம் 10, 11 என்று ஏறிக்கொண்டே போகும். சில ரோடுகளுக்கு இரட்டைப் பெயர் உண்டு. 16 மைல் ரோடுதான் மெட்ரோ பார்க்வே, அதுவே டிராய்க்குள் போனால் பிக் பீவர். 20 மைல் ரோடு இருக்க வேண்டிய இடத்தில் ஓடுவது ஹால் ரோடு, அதாவது எம்-59. வடக்கு தெற்காக டிகுவிண்டர், ரையன், மவுண்ட், வேன் டைக், ஷோனர், ஹேய்ஸ் என்று பெயர்கள். கிராஷியட் மட்டும் சாய்வாக ஓடும். குறுக்குத் தெரு இரண்டும் தெரிந்தால் ஜிபிஎஸ் இல்லாமலே போய்விடலாம். '15, வேன் டைக்' என்று யாராவது சொன்னால் அது நேரமில்லை, இடம்.

இந்த எண்களை வைத்தே ஊரைப் பிரித்துக்கொள்ளலாம். 8 மைலிலிருந்து 14 மைல் வரை வாரன். பெரும்பாலும் 1950, 60களில் கட்டிய செங்கல் ரேஞ்ச் வீடுகள், அதாவது மாடி இல்லாத, பேஸ்மென்ட் உள்ள சின்ன வீடுகள். விலை குறைவு, வயது அதிகம். 14 மைலிலிருந்து ஹால் ரோடு வரை ஸ்டெர்லிங் ஹைட்ஸ். 70, 80களின் காலனியல் (இரண்டு மாடி), ட்ரை-லெவல் (அரை அரை மாடியாக மூன்று தளம்) வீடுகள் நிறைய. ஹால் ரோட்டைத் தாண்டினால் ஷெல்பி டவுன்ஷிப், அதற்குக் கிழக்கே மக்கோம் டவுன்ஷிப். புது வீடுகள், பெரிய மனைகள், விலையும் ஏறும். ஹேய்ஸுக்குக் கிழக்கே கிளின்டன் டவுன்ஷிப், நடுவே குட்டியாக ஃப்ரேஸர். ஏரிக் கரையில் செயின்ட் கிளேர் ஷோர்ஸ்.

எனக்குக் கேட்டால், முதல் வீட்டுக்குப் பணத்துக்கு ஏற்ற மதிப்பு 14 மைலுக்கும் 19 மைலுக்கும் நடுவேதான். வேறு கருத்து உள்ள நண்பர்கள் உண்டு, அவர்கள் எல்லோரும் 23 மைலில் இருக்கிறார்கள்.

ஆபீஸ் தூரத்தைக் காலை ஏழரை மணிக்கு நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஸ்டெர்லிங் ஹைட்ஸிலிருந்து வாரன் டெக் சென்டர் கால் மணி நேரம். ஆபர்ன் ஹில்ஸ் அரை மணிக்குள். டியர்பார்ன் முக்கால் மணிக்கு மேலே போகும். நோவையோ ஆன் ஆர்பரோ என்றால் யோசித்துக்கொள்ளுங்கள், ஐ-696 நெடுஞ்சாலையில் எங்கேயும் ரோடு வேலைக்கு வைக்கும் ஆரஞ்சு பீப்பாய் இல்லாத கோடைக்காலத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

படி 2: ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருங்கள்

வந்த உடனே வாங்காதீர்கள். ஒரு பனிக்காலம் முழுக்க இருந்து பார்த்தால்தான் எந்த ரோட்டை முதலில் வழிக்கிறார்கள், கேரேஜ் எவ்வளவு அவசியம் என்பதெல்லாம் புரியும். பழைய அபார்ட்மென்ட்கள் சிலவற்றில் ஹீட்டிங் வாடகையிலேயே சேர்ந்திருக்கும். விளம்பரத்தில் போடாவிட்டாலும் கேளுங்கள்.

மிச்சிகன் சட்டப்படி டெபாசிட் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. குடிபோகும்போது ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தருவார்கள். கார்ப்பெட் கறை, உடைந்த ப்ளைண்ட்ஸ் என எல்லாவற்றையும் எழுதி, படம் எடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது நம்மவர்கள் கோட்டை விடுவது ஒன்று உண்டு. வெளியேறி 4 நாளுக்குள் உங்கள் புது முகவரியை எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால், உரிமையாளர் 30 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும், அல்லது எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று பட்டியல் தர வேண்டும்.

படி 3: லைசென்ஸ், வண்டி, இன்சூரன்ஸ்

மற்ற மாநிலங்களில் டிஎம்வி எனப்படும் லைசென்ஸ், வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு இங்கே பெயர் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' அலுவலகம். எழுத்துத் தேர்வு அங்கே. ஓட்டும் தேர்வை மட்டும் அரசு அனுமதித்த தனியார் தேர்வாளர்கள் நடத்துகிறார்கள், கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், விசாரித்துப் போங்கள். வண்டிப் பதிவு உங்கள் பிறந்தநாளன்று முடியும். அதைப் புதுப்பிக்கும்போது மாநிலப் பூங்காக்களுக்கான பாஸையும் சேர்த்துக்கொண்டால் சல்லிசு.

ஓட்டுவதில் புதிதாகக் கற்க வேண்டியது 'மிச்சிகன் லெஃப்ட்'. ஹால் ரோடு, மெட்ரோ பார்க்வே மாதிரி ரோடுகளில் சிக்னலில் நேராக இடது பக்கம் திரும்ப முடியாது. சிக்னலைத் தாண்டிப் போய், நடுத்திட்டு இடைவெளியில் யூ-டர்ன் அடித்து வந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், இரண்டாவது மாதம் வேறு மாநிலத்துக்குப் போய் இடது பக்கம் திரும்ப நிற்கும்போது இதுவே தேவலை என்று தோன்றும்.

இனி இன்சூரன்ஸ். மிச்சிகன் 'நோ-ஃபால்ட்' மாநிலம். விபத்தில் தப்பு யார்மேல் என்றாலும் உங்கள் மருத்துவச் செலவை உங்கள் பாலிசிதான் பார்க்கும். அந்தப் பகுதிக்குப் பெயர் பிஐபி. 2019இல் சட்டம் திருத்தி, 2020 ஜூலையிலிருந்து எவ்வளவு வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். வரம்பில்லாதது, 5 லட்சம் டாலர், இரண்டரை லட்சம் டாலர் ஆகியவை எல்லோருக்கும் பொதுவான தேர்வுகள். மெடிக்கெய்ட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மெடிக்கேர் (முதியோருக்கானது) உள்ளவர்களுக்கு அதற்கும் கீழே உண்டு. பிரீமியத்தைக் குறைக்க எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். நான் வரம்பில்லாததையே வைத்திருக்கிறேன், மிச்சத்தை வேறு இடத்தில் பிடித்தேன். ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் வாகன விபத்துக்கும் பணம் தரும் என்றால், பிஐபியை அதோடு இணைத்து 'கோ-ஆர்டினேட்டட்' ஆக எடுக்கலாம், பிரீமியம் இறங்கும். ஆனால் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு மட்டும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் அவர்களுக்கு இந்த பாலிசியில் என்ன கிடைக்கும் என்பதையும் ஏஜென்டிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டு முகவரிகளுக்கு பிரீமியம் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்காமல் வீட்டை முடிவு செய்யாதீர்கள். பிரீமியம் முகவரியைப் பொறுத்து மாறும், டெட்ராய்ட் எல்லையை நெருங்க நெருங்க ஏறும். 9 மைலில் வீட்டில் மிச்சம் பிடித்த மாதத் தவணை, இரண்டு காருக்கான இன்சூரன்ஸில் கரையலாம்.

பழைய கார் வாங்குபவர்கள் குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கமே இருக்கிறது. உப்புக்குப் பஞ்சமில்லை, குளிர்காலம் முழுக்க ரோட்டில் கொட்டுவார்கள். அது அப்படியே வண்டியைத் தின்னும்.

படி 4: பள்ளி எல்லை வேறு, ஊர் எல்லை வேறு

ஸ்டெர்லிங் ஹைட்ஸ் என்று முகவரி இருந்தால் ஒரே பள்ளி மாவட்டம் என்று நினைக்காதீர்கள். நகரின் தெற்குப் பகுதி வாரன் கன்சாலிடேட்டட் ஸ்கூல்ஸ், வடக்குப் பகுதி யூட்டிகா கம்யூனிட்டி ஸ்கூல்ஸ். வாரன் நகரத்துக்குள்ளேயோ இன்னும் பல மாவட்டங்கள். டிராயின் கிழக்கு ஓரத்தில் ஒரு துண்டு வாரன் கன்சாலிடேட்டடில் சேரும். டிராய் முகவரிக்காக அதிக விலை கொடுத்து, கடைசியில் பிள்ளை டிராய் பள்ளிக்குப் போக முடியாது என்று தெரிந்து நொந்துபோனவர்கள் உண்டு. ரியல் எஸ்டேட் தளத்தில் போட்டிருப்பதை நம்பாமல், பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கே போன் செய்து வீட்டு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கணக்கு, அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு வாரனில் மக்கோம் மேத்தமேட்டிக்ஸ் சயன்ஸ் டெக்னாலஜி சென்டர் இருக்கிறது. தேர்வு எழுதி இடம் பிடிக்க வேண்டும். யூட்டிகா மாவட்டத்துக்கும் அதே மாதிரி தனி மையம் உண்டு. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பாடத்திட்டம் வேண்டுமென்றால் இன்டர்நேஷனல் அகாடமி ஆஃப் மக்கோம். எச்-4 விசாவில் வீட்டில் இருக்கும் கணவரோ மனைவியோ படிக்க நினைத்தால் மக்கோம் கம்யூனிட்டி காலேஜ், கவுண்டிவாசிகளுக்குக் கட்டணம் குறைவு.

படி 5: சொத்து வரி — இங்கேதான் நான் வழுக்கினேன்

வீட்டு விளம்பரத்தில் 'வருட வரி இவ்வளவு' என்று ஒரு எண் போட்டிருக்கும். அது விற்பவர் கட்டும் வரி. நீங்கள் கட்டப்போவது அதுவல்ல.

காரணம் 1994இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 'ப்ரொபோசல் ஏ'. அதன்படி, ஒருவர் வீட்டை வைத்திருக்கும் வரை அவருடைய வரி மதிப்பு வருடத்துக்குப் பணவீக்க அளவு அல்லது 5 சதவீதம், எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. சந்தை விலை எவ்வளவு துள்ளினாலும் சரி. இருபது வருடம் ஒரே வீட்டில் இருப்பவருக்கு இது வரம். ஆனால் வீடு கை மாறியதும், அடுத்த வருடம் அந்த மூடி திறந்துகொள்ளும். வரி மதிப்பு ஒரே தாவாக சந்தை மதிப்பின் பாதிக்குப் போய்விடும்.

கணக்காகப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். வீட்டின் சந்தை மதிப்பு 2,60,000 டாலர். அதில் பாதி 1,30,000. இருபது வருடமாக இருந்த பழைய சொந்தக்காரரின் வரி மதிப்பு 72,000 மட்டுமே. வரி விகிதம் 40 மில், அதாவது ஆயிரம் டாலருக்கு 40 டாலர் என்று வைத்துக்கொண்டால் அவர் கட்டியது 2,880 டாலர். நீங்கள் கட்டப்போவது 5,200. வித்தியாசம் 2,320, மாதத்துக்கு 193 டாலர். இதில் இன்னொரு கொடுமை உண்டு. வரியும் இன்சூரன்ஸும் கட்ட பேங்க் உங்களிடம் மாதாமாதம் சேர்த்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கைப் பழைய வரியை வைத்துப் போட்டிருக்கும். துண்டு விழுந்த பிறகுதான் கண்டுபிடிக்கும். அப்போது விட்டுப்போன பாக்கியையும் புதுக் கூடுதலையும் ஒன்றாகச் சேர்த்து மாதத் தவணையில் ஏற்றும். எனக்கு வந்த அந்தக் கடிதத்தைப் பிரித்தபோது முதலில் தவறாக அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கடன் கொடுத்தவரும் சொல்லவில்லை, ஏஜென்டும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

மாநிலக் கருவூலத்தின் இணையதளத்தில் சொத்து வரி மதிப்பீட்டுக் கருவி ஒன்று இலவசமாக இருக்கிறது. வீட்டின் மதிப்பில் பாதியைப் போட்டு, கவுண்டி, ஊர், பள்ளி மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கிட்டத்தட்ட சரியான தொகை வந்துவிடும். ஆஃபர் போடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். அசெஸர், அதாவது வரிக்காக வீட்டை மதிப்பிடும் ஊர் அதிகாரி, நீங்கள் வாங்கிய விலையை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார், அக்கம்பக்க விற்பனைகளைப் பார்த்து அவர் போடும் மதிப்புதான் கணக்கு. பிப்ரவரி, மார்ச்சில் வரும் மதிப்பீட்டு நோட்டீஸைக் குப்பையில் போடாதீர்கள். அதிகம் என்று தோன்றினால் மார்ச் மாத போர்டு ஆஃப் ரிவ்யூவில் முறையிடலாம்.

வாங்கியதும் இரண்டு படிவங்கள். ஒன்று, சொத்து மாற்றப் பிரமாணம், 45 நாளுக்குள். இரண்டாவது, படிவம் 2368, முதன்மைக் குடியிருப்பு விலக்குக்கானது. நீங்களே குடியிருக்கும் சொந்த வீடு என்று பதிந்தால் பள்ளி நடப்புச் செலவுக்கான வரி, 18 மில் வரை, தள்ளுபடி. மேலே சொன்ன வீட்டுக்கு முழு 18 மில் என்றால் அது வருடம் 2,340 டாலர். ஜூன் 1க்குள் கொடுத்தால் கோடை வரியிலிருந்தே கிடைக்கும், தவறினால் நவம்பர் 1க்குள் கொடுத்து குளிர்கால வரியில் பெறலாம். விசாவில் இருப்பவர்கள் தகுதி பற்றி ஊர் அசெஸர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொதுவாக டவுன்ஷிப்களில் வரி விகிதம் குறைவு, நகரங்களில் அதிகம். ஷெல்பியில் விலை கூடினாலும் விகிதம் கொஞ்சம் ஈடு செய்யும். மக்கோம் டவுன்ஷிப்பில் புது வீடு வாங்குபவர்களுக்கு வேறு பொறி. முதல் பில் பெரும்பாலும் காலி மனைக்கோ பாதி கட்டிய வீட்டுக்கோ போட்டதாக இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வருமான வரியில் ஒரு நல்ல செய்தி. மக்கோமில் எந்த ஊரிலும் நகர வருமான வரி கிடையாது. மாநில வரி 4.25 சதவீதம் மட்டும். டெட்ராய்ட் நகருக்குள் வேலை பார்த்தால், அங்கே குடியில்லாவிட்டாலும் 1.2 சதவீதம் நகர வரி உண்டு.

படி 6: பேஸ்மென்ட்டில் மூக்கை வையுங்கள்

இந்த மண் தட்டையானது. பெருமழை பெய்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. 2014 ஆகஸ்ட் 11 வெள்ளத்தில் வாரன் பகுதியில் எத்தனையோ வீடுகளில் கழிவுநீர் பேஸ்மென்ட் வழியாக மேலேறியது. 2016 டிசம்பர் 24 அன்று ஃப்ரேஸரில் 15 மைல் ரோட்டுக்கு அடியில் பெரிய கழிவுநீர்க் குழாய் இடிந்து, ரோடும் வீடுகளும் உள்வாங்கின. கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்த ரோடு மூடியே கிடந்தது.

வீடு பார்க்கப் போனால் கிச்சனுக்கு முன் பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் சந்தேகப்படுங்கள். புதுப் பெயின்ட் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை மட்டும் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஃபர்னஸ் கால்களிலும் மரப்படியின் கடைசிப் பலகையிலும் தண்ணீர்க் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நான் வாங்காமல் விட்ட வீடு ஒன்றில் எல்லாம் பளிச்சென்று இருந்தது, வாட்டர் ஹீட்டரின் அடிவளையத்தில் மட்டும் ஒரே மட்டத்தில் சுற்றிலும் துரு.

ஆய்வாளரோடு சேர்த்து, கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கவும் பணம் கொடுங்கள். பழைய வீடுகளில் களிமண் குழாய், அதில் மர வேர். குழாய் தெரு வரை உங்கள் பொறுப்பு. சம்ப் பம்ப் (பேஸ்மென்ட்டில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) இருந்தால் பேட்டரி பேக்கப்போடு இருக்கட்டும், மழை வரும் நேரத்தில்தான் கரண்ட் போகும். வீட்டு இன்சூரன்ஸில் 'வாட்டர் பேக்கப்', அதாவது கழிவுநீர் எதிர்த்து மேலேறும் சேதத்துக்கான பகுதி, தானாக வராது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஏரிக்கரையோ கிளின்டன் ஆற்றங்கரையோ என்றால் வெள்ள இன்சூரன்ஸ் அதற்கும் மேல்.

படி 7: மாத பில்கள்

மின்சாரம் டிடிஇ, எரிவாயு பெரும்பாலான இடங்களில் கன்ஸ்யூமர்ஸ் எனர்ஜி. டிடிஇயின் வழக்கமான கட்டணத்தில் வார நாட்களில் மாலை 3 முதல் 7 மணி வரை யூனிட் விலை அதிகம். துணி உலர்த்தும் மெஷினை ஏழு மணிக்கு மேல் போடுங்கள். தண்ணீர் பில்லில் கழிவுநீர்ப் பங்குதான் பெரியது.

சாப்பாடு, கோயில், சனி ஞாயிறு

தமிழ்க் கூட்டம் டிராய் அளவுக்கு இங்கே இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மளிகைக்கும் டிராய் பாரதீய டெம்பிளுக்கும் டிகுவிண்டரைத் தாண்ட வேண்டும், பத்து இருபது நிமிடம். பான்டியாக் பராசக்தி கோயில் அரை மணி. மிச்சிகன் தமிழ்ச் சங்க நிகழ்ச்சிகளுக்கு எப்படியும் எல்லோரும் வண்டி ஓட்டித்தான் போக வேண்டும்.

ஆனால் இங்கே கிடைப்பது வேறு ருசி. ஸ்டெர்லிங் ஹைட்ஸ் முழுக்க இராக்கிலிருந்து வந்த கல்தேயக் கிறிஸ்தவர்கள். அவர்கள் பேக்கரியில் காலையில் சூடாகப் படகு வடிவில் சமூன் ரொட்டி கிடைக்கும். முதல் நாள் மட்டன் குழம்பு மீதி இருந்தால் பரோட்டாவை மறந்துவிடுவீர்கள். வாரனில் வங்கதேசக் கடைகள். மீன் பெட்டியில் இலிஷும் ரோகுவும், எந்த அளவில் துண்டு வேண்டும் என்று கேட்டு வெட்டித் தருவார்கள்.

ஷெல்பி பக்கம் ஸ்டோனி கிரீக் மெட்ரோபார்க், ஏரியைச் சுற்றி நடக்கப் பாதை. இலையுதிர் காலத்தில் ரோமியோ, ஆர்மடா பக்கம் ஆப்பிள் பறிக்கலாம். ஐ-94ஐப் பிடித்தால் போர்ட் ஹியூரன் பாலம், அதைத் தாண்டினால் கனடா. நான்கு மணி நேரத்தில் ஸ்கார்பரோ போய் இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, கொத்து ரொட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பலாம். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா விசா வேண்டும்.

ஜூன் கடைசியில் செயின்ட் கிளேர் ஏரிக்கரைக்குப் போனால் ஒரு எச்சரிக்கை. ஃபிஷ்ஃப்ளை என்று ஒரு ஈசல் மாதிரி பூச்சி, ஏரியிலிருந்து லட்சக்கணக்கில் கிளம்பி விளக்குக் கம்பம், கடைக் கண்ணாடி, கார் என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். கடிக்காது, கால் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். நியூ பால்டிமோரில் இதன் பெயரிலேயே திருவிழா நடத்துகிறார்கள். காரை விளக்குக்குக் கீழே நிறுத்தாதீர்கள், கழுவுவதையும் ஜூலை நடுவுக்குத் தள்ளிப் போடுங்கள்.